ஏழாவது விசில்

போன மாதம் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு எதிரே, சமையல் வசதியுள்ள ஒரு மலிவு அப்பார்ட்மெண்டில் தங்கினோம். இரண்டு வயது மகளுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் எங்கள் ஊர் கிள்ளானிலிருந்தே குக்கரையும் பருப்பையும் கட்டிக்கொண்டு போனேன்.

காலையில் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஈரத்துண்டுகளைக் காயப்போட நானும் கணவரும் பால்கனிக்குப் போனோம். கடல்காற்றில் அடுப்பு அணைந்துவிடுமே என்று கண்ணாடிக் கதவை நான்தான் இழுத்துச் சாத்தினேன். உள்பக்கம் கொக்கி விழுந்துவிட்டது. போன் உள்ளே. தூங்கிக்கொண்டிருந்த மகளும் உள்ளே.

மூன்று விசிலில் இறக்க வேண்டிய பருப்பு. நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே கதவை இழுத்தேன். ஆறாவது விசிலில் மகள் எழுந்து அடுப்புப் பக்கம் நடந்தாள். கணவர் கண்ணாடியைத் தட்டி, துண்டால் முகத்தை மூடி மூடித் திறந்தார். அவள் சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். அவர் நிறுத்தவே இல்லை.

ஏழாவது விசிலுக்குப் பக்கத்துப் பால்கனியில் ஒரு மலாய்க்கார அக்கா, என்ன சத்தம் இது என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய்ப் பாதுகாவலரை மாற்றுச்சாவியோடு கூட்டி வந்தார். அவர் வாசல் கதவைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுப் பால்கனிக் கொக்கியை எடுத்துவிட்டார்.

"இனிமே அடுப்ப அணைச்சிட்டு வெளிய வாங்க லா, தங்கச்சி" என்றார் அந்தப் பாதுகாவலர் அண்ணன்.

இப்போது அடுப்பு எரிந்தால் இருவரும் சேர்ந்து வெளியே போவதில்லை. எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவுக்குப் பூட்டே கிடையாது. அங்கேயும் இடையில் ஒரு செருப்பை வைத்துவிட்டுத்தான் துணி காயப்போடுகிறேன். துண்டைக் கண்டால் மகள் அந்த விளையாட்டைக் கேட்கிறாள். கணவர் இன்னும் அதை விளையாடவில்லை.