மேல்மண் இல்லாப் பாத்தி

பிழையாகக் கற்பித்த ஒன்றைக் கற்பித்தவனே எழுதித் திருத்துதல் முறை. என் மாணவர் பலர் இன்று ஆசிரியர்கள். நான் சொன்னதையே அவர்களும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். ஆதலின் இதனை எழுதுகிறேன்.

எண்பதுகளில் அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்தேன். செயங்கொண்டத்து முந்திரித் தோப்புகளின் அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதாகவும், சுரங்கம் வரக்கூடும் எனவும் பேச்சு எழுந்திருந்தது. கரி எடுத்தபின் அந்நிலம் மீண்டும் விளையுமா? இவ்வினா என்னை ஓரிடத்தில் அமர விடவில்லை.

அயல் மாவட்டச் சுரங்கத்தில் வெட்டிக் குவித்திருந்த அடிமண்ணை ஒரு லாரி நிறையக் கொணர்ந்து, கல்லூரித் தோட்டத்தில் இரு பாத்திகள் அமைத்தேன். ஒன்றில் அடிமண் மட்டும். மற்றதில் அதன்மேல் ஒரு முழம் மேல்மண். இரண்டிலும் எள் விதைத்தோம். நீர் ஊற்றப் பக்கத்து ஊர் அம்மையார் ஒருவர் வருவார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே விளைந்தன.

எனக்குப் பொறுமை இல்லை. மறுமுறை விதைத்துப் பார்க்காமலே, என் மாணவரும் வந்திருந்த செயங்கொண்டத்து உழவர் வகுப்பில், "மேல்மண்ணைத் தனியே எடுத்துக் காக்க வேண்டியதில்லை; அடிமண்ணே விளையும்" என்று அறிவித்துவிட்டேன்.

முந்திரி உழவர் ஒருவர் எழுந்தார். "தோப்பைச் சுரங்கத்துக்குக் குடுக்குறதா வேணாமான்னு வூட்டுல ஒரே சண்டைங்க சார். நீங்க வெளையும்னா குடுத்துடலாமுங்களா?"

"விளையும்" என்றேன்.

நான்கு நாள் கழித்து மீண்டும் விதைக்கும்போது அம்மையார் கேட்டார்: "ஐயா, இந்தத் தடவையும் புழுக்கை போடட்டுங்களா?"

"என்ன புழுக்கை?"

"எங்கூட்டு ஆட்டுப் புழுக்கைதான். மேல்மண்ணு இல்லாத பாத்தியில எள்ளு வெளுத்துப்போயி நின்னுச்சு. பந்தியில ஒரு எலைக்குச் சோறு, ஒரு எலைக்குத் தண்ணியா? நீங்க மறந்துட்டீங்கன்னு நானே கூடை கூடையாக் கொட்டுனேன்."

அப்பாத்தியை ஏன் வெறும் அடிமண்ணாகவே விட்டேன் என்பதை அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. உடனே செயங்கொண்டத்துக்குப் பேருந்து ஏறினேன். இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே சென்றேன்.

வகுப்பில் எழுந்து கேட்ட உழவரும் அவர் மனைவியும் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தனர். நடந்ததைச் சொன்னேன்.

"குடுத்துடலாம்னு நேத்துதான் சார் முடிவு பண்ணுனோம். அப்ப வெளையாதா?"

"தெரியாது. மேல்மண்ணைக் காத்துப் பரப்பினால் விளையலாம். அதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்."

"அன்னைக்கு வெளையும்னாரு, இன்னைக்குத் தெரியாதுங்குறாரு" என்றார் அவர் மனைவி. "இவரு வாத்தியாரா, சோசியரா?"

"சோசியரு தப்புன்னு திரும்பி வந்து சொல்ல மாட்டாருடி" என்று சிரித்த உழவர், என்னிடம் திரும்பினார். "தெரியுற வரைக்கும் தோப்பு எங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

வகுப்பிற்கு வந்த மற்ற உழவர்களைத் தேடிப் பல வாரம் ஊர் ஊராக அலைந்தேன். சிலரைக் காணவே இயலவில்லை. அவர்கள் என்ன முடிவெடுத்தனர் என்பதை இன்றும் அறியேன்.

மண்ணின் ஆழத்தையும் விளைச்சலையும் நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். அவ்வகுப்பில் இருந்தோரும் அப்பாத்திகளைக் கண்டோரும் வேறாக அறிந்திருப்பின், தயங்காது எனக்கு எழுதித் திருத்துக.