பின் கதவுக்குக் கைப்பிடி வேண்டாம்

கதவு வரவில்லை.

கைப்பிடி திரும்புகிறது. பூட்டு 'க்ளக்' என்று விடுபடுகிறது. ஆனால் கதவு வரவில்லை. ஒரு காலைக் காரில் முட்டுக்கொடுத்து இழுக்கிறேன். அரை அங்குலம் வருகிறது... திரும்ப உள்ளே போகிறது. யாரோ அந்தப் பக்கமிருந்து இழுக்கிற மாதிரி.

உள்ளே என் தம்பி. ஐந்து வயது.

மணி 4:12. சாயங்காலம். ஷெட்டின் தகரக் கூரை கொதிக்கிறது. காரின் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது.

நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது இன்றைக்கு நடந்தது. எங்கள் வீட்டு ஷெட்டில், பட்டப்பகலில். இப்போது ராத்திரி 1:52. அம்மாவுக்கு நைட் டியூட்டி. அப்பா குறட்டை விடுகிறார். சொல்ல உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுபது வருஷத்துப் பழைய கார். நீளமானது, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தது. அப்பா அதற்கு வைத்த பெயர் மகாராணி. "சாருக்கு ரெண்டு பசங்கன்னு யாரு சொன்னது? ஷெட்டுல மூணாவது ஒண்ணு இருக்கே" என்று மெக்கானிக் மாமா கிண்டல் பண்ணுவார். அப்போது எல்லோரும் சிரித்தோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கிளப்பிலிருந்து பரிசோதகர் வருகிறார். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தது போலவே கார் இருந்தால்தான் சான்றிதழ். அந்த நாளில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. துருவைச் சுரண்டி சேஸிஸ் நம்பரை எடுத்தேன். தொழிற்சாலையின் ஆவணப் பிரிவுக்கு எழுதினேன். பதிவுப் புத்தகத்தில் ஆறு சொந்தக்காரர்கள். முதல் பெயர் மட்டும் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. இரண்டாவது ஆளின் மகளைத் தேடிப்பிடித்து, போனில் செய்தி விட்டேன். மூன்று நாளாகப் பதில் இல்லை.

போன வாரம் தொழிற்சாலையிலிருந்து தயாரிப்பு அட்டையின் நகல் வந்தது. நிறம், கரும்பச்சை. சீட்டுத் தோல், பழுப்பு. அடியில் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்.

'வாடிக்கையாளர் விருப்பப்படி: பின் இருக்கையை நான்கு அங்குலம் உயர்த்தவும். பின் கதவு இரண்டுக்கும் உட்புறக் கைப்பிடி வேண்டாம். கண்ணாடி இறக்கும் கைப்பிடியும் வேண்டாம்.'

அப்பா துள்ளிக் குதித்தார். "இந்த மாதிரி ஆர்டர் ஊர் உலகத்துல இருக்காதுடி!"

மெக்கானிக் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "சார், பின்னாடி வந்தவங்க யாரோ மெனக்கெட்டு கைப்பிடி போட்டிருக்காங்க. சும்மாவா போடுவாங்க?"

"ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்யா."

இன்று காலை 11 மணிக்கு அந்தக் கைப்பிடிகளைக் கழற்றியது நான்தான். இந்தக் கையால். கதவின் தோலுறையை எடுத்தபோது உள்தகட்டில் கீறல்கள் தெரிந்தன. மெல்லிய கீறல்கள். தாழ்வாக, சீட்டின் உயரத்தில். எலி என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா பாலிஷ் வாங்கப் போனார். நான் மாடிக்குப் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் இறங்கினேன். தம்பி காரின் பின் சீட்டில் இருந்தான், கதவு மூடியிருந்தது.

முன் கதவு திறந்தது. ஆனால் நடுவில் அந்தக் கண்ணாடித் தடுப்பு. ஜாக்கிக் கம்பியை ஓங்கினேன். தம்பி சரியாக அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். எந்தக் கண்ணாடியை உடைத்தாலும் அவன் முகத்தில்தான் விழும். மறுபக்கக் கதவுக்கு ஓடினேன். அதுவும் அப்படியே.

"டேய் வாலு! அக்காவைப் பாருடா!"

அவன் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். காலி சீட்டு. உயர்த்திய சீட்டில் அவன் கண் சரியாக ஜன்னல் மட்டத்துக்கு இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நான்கு அங்குலம்... ஒரு குழந்தைக்கு.

டக்... டக்... டக்...

உள்ளேயிருந்து. கதவின் அடியிலிருந்து.

தம்பியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டக்... டக்...

அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. கத்தினேன். யாரும் வரவில்லை. அழுதேன்.

4:31.

கதவு தானாக வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன்.

அந்தச் சூட்டில் தம்பிக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவன் வலது மணிக்கட்டு மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது.

"அவன் விடலைக்கா."

"எவன்டா? கதவைப் பிடிச்சுக்கிட்டானா?"

"கதவை இல்ல. என்னைய."

அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார். "பூட்டு இறுகியிருக்கும். கிரீஸ் வெச்சா சரியாயிடும். சும்மா கதை விடாத." அவ்வளவுதான்.

7:05க்கு போன் வந்தது. இரண்டாவது சொந்தக்காரரின் மகள். வயதான குரல்.

"கைப்பிடி போட்டது எங்கப்பாதாம்மா. கார் வந்த நாள்லேருந்து உள்ள தட்டிக்கிட்டே இருக்கும். பாவம், வெளிய வர வழியில்லன்னு போட்டாரு. அன்னைக்கே தட்டுறது நின்னுடுச்சு... நீங்க கழட்டலியே?"

"இன்னைக்குக் காலைலதான்..." என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

"உடனே மாட்டிடும்மா."

9:40க்கு, அப்பாவுக்குத் தெரியாமல், இரண்டையும் மாட்டினேன். ஸ்க்ரூ மூன்று தடவை விழுந்தது. மேலே வந்தவுடன் அந்த அம்மாவுக்கு நானே போன் போட்டேன். ஒரே ஒரு கேள்விதான்.

"வெளிய வந்து... எங்க போகும்?"

"தெரியாதும்மா. தினம் காலைல பார்த்தா பின் கதவு திறந்து கிடக்கும். எங்களை ஒண்ணும் பண்ணினதில்ல." அவரே தொடர்ந்தார். "எங்க வீட்டுல அப்போ சின்னப் பசங்க யாரும் இல்ல."

1:20க்குக் கீழே கேட்டது.

க்ளக்.

அப்புறம் ஒன்றுமே இல்லை. படியில் சத்தம் இல்லை. தட்டுகிற சத்தமும் இல்லை.

தம்பி எப்போதும் என் கட்டிலில், சுவரை ஒட்டித்தான் படுப்பான். இன்றைக்கும் அப்படித்தான் படுக்க வைத்தேன். இப்போது பார்க்கிறேன்... தூக்கத்திலேயே என் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறான். வலது கையை மட்டும் சுவர்ப் பக்கம் நீட்டியிருக்கிறான்.

அவனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறான்.

யாருக்கு?