பதிவில் இல்லாத மூன்று முடிச்சு

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். முன்பின் தெரியாதவர் என் பசியை விசாரிக்கிறாரே என்று பதறி, எங்களுக்கு ஒரு குறையுமில்லை, கணவர் நல்ல வேலையில் இருக்கிறார் என்பது வரை விளக்கிவிட்டேன். அவர் பக்கத்துக் கடைக்காரரிடம், "இந்தியாவுலேர்ந்து வந்த பொண்ணு லா, பாவம்" என்றார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். தெரிந்ததை வைத்துக்கொண்டு முந்திக்கொள்ளும் என் புத்தி எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

திருச்சியில் சட்டம் படித்தவள் நான். மலேசியத் தமிழரை மணந்து வந்தேன்; அந்தப் படிப்பை வைத்து இங்கே வழக்காட முடியாது. தமிழில் பேசுகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதி, ஆவணங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. அப்படித்தான் தேவகி அக்கா என் மேசைக்கு வந்தார். கிள்ளானில் பள்ளிக்கூட கேண்டீனில் சமைப்பவர். லோரி ஓட்டிய கணவர் ராஜு மாரடைப்பில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. உயிலும் இல்லை. இருவரும் இருபத்தாறு வருடம் வாழ்ந்த ஒற்றைமாடி வீட்டின் கிராண்டில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், ராஜுவின் பெயர் மட்டும் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். புடவைக்கடைப் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பிரித்தார். அம்மன் கோயில் மணவறை. ராஜு முதல் முடிச்சுப் போடுகிறார். அடுத்த படத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண், நாக்கைக் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முடிச்சைப் போடுகிறாள்.

"இது அவரு தங்கச்சி லெட்சுமி, மிஸ். அவருக்குன்னு இருக்கிற ஒரே சொந்தம்" என்றார்.

"இது போதும்க்கா. நீங்கதான் வாரிசு. ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்" என்றேன்.

யாரையும் கேட்காமல் சொன்னேன். எங்கள் ஊர்ச் சட்டத்தில் இந்துத் திருமணத்துக்குச் சடங்கு போதும். தமிழ்நாட்டில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டாலே செல்லும். பதிவுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்தத் திருமணமும் இல்லாமல் போய்விடாது. அந்தக் கேள்விக்கு நான் நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். தேவகி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கேண்டீனிலிருந்து கறிபஃப் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் கோப்பைப் பார்த்த மேடம், அலுவலகத்தை நடத்தும் வழக்கறிஞர், கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "டெம்பிள் வெடிங் சரி மா. ரிஜிஸ்ட்ரேஷன் எங்க?"

இல்லை. இந்த நாட்டில் பதிவாளர் முன் பதிவாகாத கோயில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மனைவி என்று சொத்துக் கேட்பது பெரும்பாடு. "வழக்குப் போடலாம். வருஷக் கணக்காகும். ஜெயிப்போம்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். நீ குடுத்துட்டியா?" என்று கேட்டார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் வீடு உடன்பிறந்தவருக்கு. உடன்பிறந்தவர் லெட்சுமி.

கறிபஃப்போடு வந்தவரிடம் நான்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தனக்கே விளக்குவதுபோல் பேசினார். "ஞாயித்துக்கிழமை கல்யாணம். மறுநாளே ரிஜிஸ்டர் பண்ணியிருக்கலாம். அஷ்டமின்னு மாமியார் வேணாம்னுட்டாங்க. அப்புறம் ஆடி வந்துருச்சு. ஆவணியில இவருக்கு ஜொகூருக்கு லோரி ஓட்டம். அதுக்கப்புறம் யாரு மிஸ் அதை நெனச்சா? ஊரே என்னை ராஜு சம்சாரம்னுதானே கூப்பிட்டுச்சு."

பதிவுக்கும் நல்ல நாள் பார்த்த குடும்பம் அது. என் கல்யாணத்துக்கு மறுவாரம், விசாவுக்குத் தேவை என்பதால், திருச்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தோம். மரப்பெஞ்சில் உட்கார்ந்து, தாலி கட்டியதை நம்பாமல் காகிதம் கேட்கும் வெளிநாட்டை நானும் கணவரும் கேலி செய்துகொண்டிருந்தோம். அந்தக் காகிதத்தைத்தான் இப்போது ஒவ்வொரு வருடமும் குடிநுழைவு அலுவலகத்தில் நீட்டுகிறேன். வந்து இரண்டு வருடமான நான் இந்த நாட்டின் கண்ணில் ஒருவரின் மனைவி. கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே கணவருக்குக் காரியம் செய்த தேவகி அக்கா யாருக்கும் எதுவும் இல்லை.

மேடம் தேவகி அக்காவையும் லெட்சுமியையும் உட்காரவைத்துப் பேச ஏற்பாடு செய்தார். லெட்சுமி எதிர்நாற்காலியில் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்தார். வரும்போது அவருக்கும் எதுவும் தெரியாது. அண்ணிக்குச் சாட்சி சொல்லத்தான் வந்திருந்தார். மேடம் விளக்கி முடித்ததும், "அப்ப வீடு எனக்கா?" என்றார் மெதுவாக. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் கேட்டு வாங்கல அண்ணி. சட்டம் குடுக்குது. எனக்கும் மூணு பிள்ளைங்க. எல்லாம் வாடகை வீட்டுல கெடக்குதுங்க."

"முடிச்சுப் போட்டவ நீதானே."

"இல்லன்னு சொன்னேனா? எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"நல்லா இறுக்கிப் போட்டாளான்னு உங்கண்ணன் அடிக்கடி கேப்பாரு. தமாசுக்கு."

லெட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேவகி அக்கா சிரிக்கவில்லை. "பதினாறாம் நாளு நீங்கல்லாம் சுத்தி நின்னு தாலிய எறக்குனீங்க. அன்னிக்கு நான் பொண்டாட்டி. இன்னிக்கு இல்லையா லெட்சுமி?"

கீழே பூக்கடை அக்கா யாரிடமோ விலை சொல்வது கேட்டது.

வழக்குக்கு அவரிடம் தெம்பு இல்லை. கடைசியில் உடன்பட்டது இதுதான்: வீடு லெட்சுமி பெயருக்கு மாறும். தேவகி அக்கா உயிரோடிருக்கும்வரை அங்கே இருக்கலாம். அதை அவர் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. ஒரு சாவி லெட்சுமியிடம். மோசமான தீர்வில்லை என்றார் மேடம். பலருக்கு இதுவும் கிடைப்பதில்லையாம். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு. வரிவரியாக வாசித்தேன்.

"இதுல நான் யாருன்னு போட்டிருக்கு, மிஸ்?"

"குடியிருப்பவர்னு இருக்குக்கா."

அவர் தலையாட்டினார். பேனாவை வாங்கி, "தேவகி ராஜு" என்று நிதானமாக எழுதினார். அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கிறது, அதன்படி கையெழுத்திட வேண்டும் என்று சொல்லி வேறு தாள் எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க, வீடு லெட்சுமி பெயருக்கு மாறிய பிறகு ஒருநாள் அவரோடு கொமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். என் அவசர வாக்குக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோழி ஒருத்தியிடம்கூட ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் வரவில்லை. சுபாங் ஜெயா நிலையம் தாண்டியதும் அவரே பேசினார்.

"உங்களுக்கு விசா எத்தனை வருஷம் மிஸ்?"

"வருஷா வருஷம் புதுப்பிக்கணும்க்கா."

"எனக்குச் சாகிற வரைக்கும் குடுத்திருக்காங்க" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்தக்கூடச் சொல்லியிருக்கலாம்.

லெட்சுமி எங்களுக்கு முன்பே வந்து வீட்டைத் திறந்து வைத்திருந்தார். கூடத்தில் மின்விசிறி ஓடியது. ராஜுவின் படத்துக்குப் புது மாலை. தேவகி அக்கா படியில் நின்றார். தன் வீட்டுக்குள் நுழைய ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"ஏன் அண்ணி வெளிய நிக்கிறீங்க? வாங்க, வந்து உக்காருங்க" என்று லெட்சுமி உள்ளிருந்து கூப்பிட்டார். மனதாரத்தான் கூப்பிட்டார். தேவகி அக்கா செருப்பைக் கழற்றினார். வீட்டுக்காரர்களின் செருப்புகள் இருந்த மரத்தட்டைக் கடந்து, விருந்தாளிகள் விடும் ஓரத்தில், வாசலைப் பார்த்தபடி சேர்த்து வைத்தார். நான் என்னுடையதை அதன் பக்கத்தில் விட்டேன்.