அரிய நூல் அறைக்கு வரும் அன்பர்கள்

அரிய நூல் அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புத்தகங்களால் ஒரு தொல்லையும் கிடையாது. அவற்றைத் தேடி வருகிறவர்களால்தான் எல்லாம்.

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் எனக்கு அந்த வேலை. ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று விரிவுரையாளர்கள் மாணவர்களை என்னிடம் அனுப்புவார்கள். கற்றுக்கொடுப்பது நான், கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள் என்பது ஏற்பாடு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு சம்பளம் வாங்கும் சக ஜீவன்களே, மீதியை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

சாயம் போகுமா?

எங்கள் அறையில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு தொகுப்புதான். தங்காக்கில் ஒரு காலத்தில் நடந்த தமிழ்ப் படிப்பகத்தின் புத்தகங்களும், உறுப்பினர்கள் கையால் எழுதி நடத்திய இதழ்களும். அந்தப் படிப்பகத்தின் செயலாளராக இருந்தவரின் மகன் ஆறுமுகம் ஐயா அவற்றை எங்களுக்குத் தந்திருக்கிறார். இரவல்தான், தானம் இல்லை. ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது. அவர் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் புத்தகங்கள் இங்கே இருக்கும். இவற்றையே நம்பி யாழினி என்ற இறுதியாண்டு மாணவி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். பெக்கான் நானாஸ் ஊர்ப் பிள்ளை. பழைய படிப்பகங்களில் பெண்களுக்கு என்ன இடம் இருந்தது என்பது அவள் தலைப்பு. மற்றவர்கள் ஏர்கோன் குளிருக்காக வரும் அறைக்குப் படிக்கவென்று வந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆறுமுகம் ஐயா ஜவுளிக்கடை நடத்தியவர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். ஒரு தொகுதியை எடுத்து, தாளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, சேலையில் சாயம் போகுமா என்று பார்ப்பதுபோல் தேய்த்துப் பார்ப்பார். தேய்க்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வது மட்டும் மாறவே மாறாது.

“ஒரு கறை பட்டுச்சு, லோரி கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்.”

பென்சில் மட்டும்

முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஏன் பேனா கூடாது என்று வகுப்பு எடுத்தேன். மை பட்டால் போகாது, அதனால் பென்சில் மட்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் மதிப்பெண் உண்டு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

சற்று நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு பெண் ஆறுமுகம் ஐயாவின் தொகுதியை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தீட்டும் மைப் பென்சிலால் குறிப்பெடுக்கிறாள். விரலெல்லாம் கறுப்பு. அந்த விரல் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கிளம்பியது. நான் ஓடிய ஓட்டத்தில், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று காவலாளி எழுந்து நின்றுவிட்டார். பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். பக்கம் தப்பியது. அவளுக்குத்தான் என்மேல் கோபம்.

“நீங்கதானே மிஸ் பென்சில் மட்டும்னு சொன்னீங்க? என்கிட்ட இதான் இருந்துச்சு லா!”

இல்லாத புத்தகம்

உலு திராமிலிருந்து வரும் ஒரு மாணவர் கைப்பேசியை நீட்டி, அதில் இருந்த ஐந்தாறு புத்தகங்களையும் எடுத்துத் தரச் சொன்னார். தலைப்புகள் அருமை. ஆசிரியர் பெயர்கள் அதைவிட அருமை. ஒரே குறை, அப்படிப்பட்ட புத்தகங்களை உலகத்தில் யாரும் எழுதவில்லை. ஏஐயிடம் கேட்டிருக்கிறார், அது கேட்டவர் மனம் கோணாமல் இட்டுக்கட்டிக் கொடுத்திருக்கிறது.

இங்கே தேடினேன், வேறு நூலகங்களின் பட்டியல்களிலும் தேடினேன். இல்லாததை இல்லை என்று உறுதிப்படுத்த ஒரு காலைப்பொழுது போனது. விஷயத்தைச் சொன்னதும் தம்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“அலமாக், அது பக்க நம்பரோட சொல்லுது மிஸ். நீங்க சும்மா இல்லன்னு மட்டும்தான் சொல்றீங்க.”

வெள்ளைக் கையுறை

விருந்தினர்கள் வருகிறார்கள், எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை வேண்டும் என்றார் துறைத் தலைவர். கையுறை போட்டால் விரலுக்குத் தாள் பிடிபடாது, கிழிந்துவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பள்ளிச் சீருடைக் கடைக்கு ஆள் அனுப்பி, அணிவகுப்புக்குப் போடும் கையுறைகளை வாங்கி வரச் செய்தார்.

விருந்தினர்கள் ஆறுமுகம் ஐயாவின் தொகுதியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, கையுறையைப் போட்டுக்கொண்டு யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. படம் இணையத்தில் ஏறியபிறகுதான், புத்தகம் தலைகீழாக இருப்பதைக் கவனித்துத் தலைவரிடம் ஓடினேன்.

“புத்தகத்த யாரும்மா பாக்கப்போறா? படத்துல கிளவ்ஸ் நல்லா விழுந்திருக்கு பாருங்க.”

சரஸ்வதி பூசை

மலேசியாவில் சரஸ்வதி பூசைக்கு நமக்கு விடுமுறை கிடையாது என்பதால் அறை திறந்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் யாழினி ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து இதழில் ஒரு பக்கத்தை மட்டும் மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் எடுத்துவைத்த படம் மங்கல். இதழை விரித்து உட்கார்ந்தாள். அதே நேரத்தில் ஆறுமுகம் ஐயா உள்ளே வந்தார். கையில் தட்டு. தட்டில் குழைத்த சந்தனம், குங்குமம், பூ, பொரிகடலை. மாணவர்களின் பையை உதறிப் பார்க்கும் காவலாளி, இவரைக் கும்பிட்டு உள்ளே விட்டிருக்கிறார். கறை பட்டால் லோரி வரும் என்றவர், தன் கையாலேயே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஈரச் சந்தனம் பூச வந்திருக்கிறார்!

வேண்டாம் என்றால் ஒப்பந்தம் போகும். சரி என்றால் புத்தகம் போகும். கெஞ்சிக் கூத்தாடி, அலமாரிக் கதவில் பொட்டு வைக்கச் சம்மதிக்க வைத்தேன். வைத்தார். கும்பிட்டார். திரும்பியவர் கண்ணில் யாழினி பட்டாள்.

“மூடும்மா. பூசைக்கு வச்ச புத்தகத்த நாளைக்குத்தான் தொடணும்.”

“ஐயா, அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். ஒரே ஒரு பக்கம்தான்.”

“நாளைக்கு.”

யாழினிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை பேரைப் பொறுத்துக்கொண்டது இந்த ஒரு பிள்ளை படிக்கத்தானே?

“கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல ஐயா, லோரியக் கூப்பிடுங்க. இந்தப் பிள்ள இன்னைக்குப் படிச்சிட்டுத்தான் எழுந்திரிக்கும்” என்றேன்.

அவர் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “எங்கப்பா என்னைய சீனப் பள்ளியில போட்டாரு, வியாபாரத்துக்கு ஒதவும்னு. தமிழ் பேசத்தான் வரும். இதுல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. பொட்டு வைக்கத்தான் தெரியும்” என்றார். பிறகு யாழினியிடம், “சத்தமா படி, எனக்கும் கேக்கட்டும்” என்றார்.

அது என்ன பக்கம் என்று எனக்குத் தெரியும். படிப்பகத்தில் பெண்களைச் சேர்க்கலாமா என்று நடந்த விவாதத்தின் குறிப்பு. கூடவே கூடாது, பெண்கள் படிக்கப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று முழங்கியிருந்தவர் செயலாளர், அதாவது இவருடைய அப்பா. மேசைக்கடியில் யாழினியின் காலை மிதித்தேன். ஆனால் மூலத்தில் இருப்பதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அப்படியே படித்தாள், பெயர் உட்பட.

ஐயா ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது யாழினியைப் பார்த்துச் சொன்னார்.

“அப்படியே எழுதும்மா, அப்பா பேரையும் போடு. எங்கம்மா கடைசி வரைக்கும் கைநாட்டுத்தான் வச்சாங்க.”

ஆக எங்கள் தொழில் இவ்வளவுதான் அன்பர்களே: புத்தகத்தின்மேல் பாசம் வைத்திருக்கும் எல்லாரிடமிருந்தும் அதைக் காப்பாற்றி, படிக்க வந்த யாராவது ஒருவரிடம் ஐந்து மணிக்குள் கொடுத்துவிடுவது.