செத்த செல்லும் ஒட்டிய தோலும்

தொழிற்சாலை மருத்துவ அறையில் நர்ஸாக இருப்பவள் ஒரு நாளில் அதிகம் கேட்கும் வாக்கியம், "சும்மா ஒரு பிளாஸ்திரி ஒட்டி வுடுங்க சிஸ்டர், லைன் நிக்குது" என்பதுதான். ஒரகடத்தில் ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன். வெட்டுக்காயத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்த புண்ணியவான்களே, நீங்களும் என் ஆட்கள்தான்.

கறுத்த ஓரம்

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் செல்வம் பக்கத்து மண்ணூர்க்காரர். பெட்டி மூலை இடித்துக் கணுக்காலுக்கு மேல் தோல் நசுங்கி, பத்து நாளில் கறுத்துக் கெட்டியாகிவிட்டது. அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னதும் காலை இழுத்துக்கொண்டார். "அது என் தோலு சார்!"

"ரத்தம் வராம அங்க இருந்த செல்லெல்லாம் செத்துடுச்சிண்ணா. அது மேலயே உக்காந்துகிட்டு இருந்தா கீழ புதுசு எப்படி வளரும்?" என்று சொல்லிக் காலைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வெட்டினார். வலிக்கவேயில்லை. அடியில் சிவப்பாக, ஈரமாகப் புதுச் சதை. பஞ்சு அதில் பட்டபோதுதான் அலறினார். பிறகு யோசித்துக் கேட்டார்: "செத்தது வலிக்கல, உசுரோட கீறது வலிக்குது. அப்ப நான் கத்துனா நல்லதுதான சிஸ்டர்?"

சேதி சொல்லாத கால்

வயரிங் பிரிவு ஸ்டெல்லா அக்கா ஷிஃப்ட் முடிந்து ஷூவைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன நட்டு, பாதத்தில் ரத்தம். எட்டு மணி நேரம் அதை மிதித்திருக்கிறார், தெரியவில்லை. பல வருஷச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது. கால் அனுப்பும் சேதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. "காலை எடுத்துடுவாங்களாம்மா?" என்றார். அவருடைய அம்மாவுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

தினமும் கட்டு மாற்றினேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். சூப்பர்வைசர் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார். இரண்டு மாதத்தில் புண் மூடிக்கொண்டது. இப்போது ஷூவை உதறிப் பார்த்துத்தான் போடுகிறார். "உள்ள நட்டு குத்திகினு கீது, இந்தக் காலு ஒரு வார்த்தை சொல்லல பாரும்மா. அப்படியே எங்க வூட்டுக்காரர்!"

ஐந்தாம் நாள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த முத்துக்குமாரின் வலது புறங்கைத் தோலை மெஷின் உரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை எடுத்து அங்கே வைத்தார்கள். மறுநாள் எனக்கு போன். "இது பிடிச்சிக்கிடுமா சிஸ்டர்? கறுத்துப் போச்சுன்னா என்ன செய்ய?"

"முதல் ரெண்டு நாள் புண்ணுல கசியுற நீரைக் குடிச்சே அது உயிரோட இருக்கும் தம்பி. அப்புறம் கீழேருந்து ரத்தக் குழாய் வந்து அதோட சேரும். கை மட்டும் அசையக் கூடாது."

அவன் அசைக்கவில்லை. மனைவி செண்பகம் சோறு ஊட்டினாள், மூக்கு அரித்தால் சொறிந்தும்விட்டாள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது நானும் போயிருந்தேன். கடைசித் துணியும் வந்தது. உள்ளே இளஞ்சிவப்பு. ஆஸ்பத்திரி டாக்டர் லேசாக அழுத்தினார். வெளுத்த இடம் மறுபடி சிவந்தது, ரத்தம் ஓடுகிறது. செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தவன், கையை நீட்டிக் காட்டிச் சொன்னான்: "தொடைத் தோலு கையோட ஒட்டிக்கிட அஞ்சே நாளுதான் சிஸ்டர். எனக்கு இந்த ஊரோட ஒட்ட மூணு வருசம் ஆச்சு."

சாவதும் வளர்வதும் சேர்வதும் எல்லாம் அந்தந்தச் செல்லின் உழைப்பு, "கைராசிக்கார சிஸ்டர்" என்ற பெயர் மட்டும் எனக்கு.