என் வீட்டுக்காரரின் காலை நடை

தேயிலை விலை விழுந்த சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது. ஆட்களை நிறுத்திவிட்டார். "இனி நானே தோட்டத்துக்கு நடந்து போய் எலை பறிக்கிறேன். ஒடம்புக்கும் நல்லது" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. டீயோடு தின்னும் மொறுமொறு நெய் வர்க்கியை அவர் விட்டார்; அவருக்குத் துணையாக நானும் விட்டேன். ஆறு மாதமாக வெறும் டீ.

இன்று வீட்டுக்கு விருந்தாளிகள். அரவேணு ஊர் பேக்கரியில் கால் கிலோ வர்க்கி கேட்டேன். கடைக்காரர் தயங்கினார்.

"வேண்டாமுங்க அக்கா. உங்களுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம், கேட்டாலும் குடுக்காதீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க."

"எப்பச் சொன்னாருங்க?"

"தெனமும் காலையில இங்க வந்துதானுங்க டீயும் நாலு வர்க்கியும் சாப்பிடறாரு."

வீட்டுக்கு வந்து, நாளைக் காலை நானும் கூட நடக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பனி அதிகமாம், எனக்கு ஆகாதாம்.

நாளை பேக்கரி வாசலில் நின்று அவரிடம் முதலில் என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.