வாணலியில் வறுத்த மலை

மாடிவீட்டிலிருந்து மண் வறுக்கும் வாசனை வந்தால் அன்று சனிக்கிழமை என்று அர்த்தம். அங்கே குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பம்பரம். உட்காரச் சொன்னால் நாற்காலியைக் கவிழ்த்து ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற ஆள். அவனோடு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

அவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாகப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போகும்போது, "அந்தப் பொம்மை ரயில் வேலை முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை பொண்ண அனுப்பறேன்" என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவனும் வாய் திறந்து கேட்கவில்லை. ரயில் ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் மகளே அடம்பிடித்து வருவாள் என்பது இவன் கணக்கு. அதற்குள் சலித்துப்போய்விடுவாளோ என்று இருப்புக் கொள்ளாமல் தவித்தான்.

மேசை மேல் மலையும் காடும் சுரங்கமும் கட்டி அதற்குள் ரயில் விடுவதுதான் அந்த வேலை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரம் அவனுக்கு ஆகாது. பூ உதிர்ந்து காய்ந்த கொத்துகள்தான் மரம். டீ போட்டு வடிகட்டிய தூளை உலர்த்தினால் காட்டுத் தரை. கீழே என் வீட்டுப் பின்சுவரில் சுரண்டிய பாசி, புதர். மலைக்கான மண்ணை வாணலியில் வறுப்பது உள்ளே இருக்கும் விதையும் பூச்சியும் சாவதற்காக. சலித்த பிறகு அதன் மேல் காந்தத்தை ஓட்டுவான். இரும்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அவை இஞ்சின் மோட்டாருக்குள் போனால் ரயில் படுத்துவிடுமாம். அந்தக் கறுப்புத் தூளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைப்பான்.

"எதுக்குப்பா அத சேத்து வெக்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கீழ கொட்டினா காத்துல பறந்து திரும்ப வந்துரும்."

இவ்வளவு செய்தும் ரயில் சுரங்கத்தைத் தாண்டவில்லை. ஞாயிறுதோறும் முக்கி முனகி நின்றது. பம்பரம் மலையைப் பெயர்ப்பான், திட்டுவான், மறுபடி மண் வறுப்பான். எங்கள் வீட்டு வாணலியும் மேலே போனது. என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

போன ஞாயிறு சாயங்காலம் வாணலியைக் கேட்டு மேலே போனேன். கழற்றிய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே கறுப்புத் தூள் அப்பியிருந்தது. டப்பாவைத் திறந்தான். பாதிதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"நீயா போட்ட?"

"ரயில் ஓடிட்டா அம்மா அனுப்ப மாட்டாங்கல்லப்பா."

அவன் மோட்டாரைத் துடைத்தான், தண்டவாளத்தைத் துடைத்தான், மகளின் விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டான். மோட்டாரைத் திரும்ப மாட்டி, ரயிலை வைத்து சுவிட்சைத் தட்டினான். அது சுரங்கத்துக்குள் புகுந்து, காட்டைச் சுற்றி வந்து, நிற்காமல் மறுபடி புகுந்தது. யாரும் கைதட்டவில்லை.

அப்போதுதான் மகளைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று வழக்கம்போல, "முடிஞ்சுதா?" என்றாள்.

மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொய் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

"முடிஞ்சிருச்சு" என்றான். "ஓடுது. ஆனாலும் அடுத்த வாரம் அனுப்பு. ரயிலுக்காக இல்ல. இவளப் பாக்காம என்னால இருக்க முடியல."

அவள் அவனையும், மேசை நிறைய நின்ற அந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத கேக்கறதுக்கு ஒரு மலையே கட்டணுமா உங்களுக்கு?" என்றாள்.